ஒரே பரிசோதனையை இரண்டு முறை செய்தால் பி மதிப்பு ஏன் மாறுகிறது? எதை நம்புவது?

நீங்கள் ஆய்வு மாணவர் என்று நினைக்கிறேன். கைடு திட்டியிருப்பார். நான் மேனேஜரிடம் வாங்கினேன்.

கோவைப் பக்கம் ஒரு நூற்பாலை லேபில் இருந்தேன். பஞ்சு மிக்ஸிங்கை மாற்றினால் 40-ஆம் நம்பர் நூலின் பலம் கூடுமா என்று பார்க்கச் சொன்னார்கள். பழையதில் 10 காப் (நூல் சுற்றிய குழல்), புதியதில் 10 காப். நூல் பலத்தைக் காட்டும் எண்ணான சி.எஸ்.பி. சராசரியாக 105 கூடியிருந்தது, இரண்டு சராசரிகளை ஒப்பிடும் டி சோதனையில் பி மதிப்பு 0.03. அதாவது நிஜத்தில் வித்தியாசமே இல்லையென்றால், இவ்வளவோ இதைவிட அதிகமோ தற்செயலாக வர 3 சதவீத வாய்ப்புதான்; 0.05-க்குக் கீழே வந்தால் வித்தியாசம் உண்டு என்று எடுத்துக்கொள்வது வழக்கம். எல்லோருக்கும் சந்தோஷம். அடுத்த வாரம் அதே மெஷின், வேறு காப்புகள். வித்தியாசம் 54 தான், பி 0.24. "ஏன் தம்பி, போன வாரம் நம்பரை நீயே எழுதிட்டியா?" என்று மேனேஜர் நாலு பேர் முன்னால் கேட்டார்.

ஈரப்பதம் மாறியிருக்கும் என்று யாராவது கிளம்புவீர்கள். இரண்டு நூலையும் ஒரே நாளில், மாற்றி மாற்றித்தான் போட்டேன்; ஈரப்பதம் இரண்டுக்கும் ஒன்றுதான். லேப் ஏசி மூன்று மாதமாக ஓடவில்லை என்பது உண்மை. பருத்தி நூலைச் சோதிக்க 65 சதவீத ஈரப்பதம் வேண்டும் என்று எத்தனை முறை எழுதிக் கொடுத்தேன்! மேனேஜர் அறை ஏசி மட்டும் ஒரு நாளும் நின்றதில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அன்று ராத்திரி எக்செலில் உட்கார்ந்தேன். உண்மையான வித்தியாசம் 90, திட்டவிலக்கம் (காப்புக்குக் காப் சராசரியிலிருந்து விலகும் அளவு) 100 என்று நானே வைத்து, 10-க்கு 10 எடுத்து ஆயிரம் முறை ஓட்டினேன். வித்தியாசம் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் பாதிக்கும் குறைவான தடவைதான் பி 0.05-க்குக் கீழே வந்தது. கால்வாசி தடவை 0.2-ஐயே தாண்டியது. எந்தக் காப்புகள் கையில் வந்தன என்பதாலேயே பி இப்படி ஆடுகிறது. 25-க்கு 25 எடுத்தபோது பத்தில் ஒன்பது தடவை போல வித்தியாசத்தைக் கண்டுபிடித்தது.

10 காப்புக்கு டி சோதனையே தப்பு என்று சொல்லாதீர்கள். டப்ளின் கின்னஸ் பீர் ஆலையில் வேலை பார்த்த வில்லியம் கோசெட் 1908-ல் அதை எழுதியதே சின்ன மாதிரிகளுக்காகத்தான். சோதனை சரி, ஆனால் 10 காப்பை மட்டும் வைத்து, உள்ள வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க அதற்குத் திறன் போதவில்லை. 0.24 வந்ததால் 'வித்தியாசம் இல்லை' என்று ஆகிவிடாது.

உங்கள் இரண்டு முடிவில் ஒன்றைப் பொறுக்காதீர்கள். இரண்டையும் சேர்த்து, வித்தியாசம் எவ்வளவு, எந்த எல்லைக்குள் என்று எழுதுங்கள். பிடித்த விடை வரும்வரை மாதிரி சேர்த்துக்கொண்டே போவது வேறு, அது ஏமாற்று.

மேனேஜரிடம் இரண்டு ரிப்போர்ட்டையும் ஃபைலில் வைக்கச் சொன்னேன். நான் வேலையை விட்டபோது முதல் ரிப்போர்ட் மட்டும்தான் அதில் இருந்தது.