ரோல்பிளே சர்வரில் சண்டையும் வேண்டும், கதையும் வேண்டும்: என்ன செய்யலாம்?

கேள்வி: அண்ணா, கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கத்து நண்பர்கள் சேர்ந்து மைன்கிராஃப்ட் விளையாட்டில் ஒரு ரோல்பிளே சர்வர் நடத்துகிறோம். 1803இல் ஆங்கிலேயரோடு போரிட்ட வன்னித் தலைவன் பண்டாரவன்னியன் காலத்து வன்னிதான் கதை. ஆளுக்கொரு பாத்திரம் எடுத்து நடிப்பதுதான் ரோல்பிளே. தொடக்கத்தில் நன்றாகப் போனது. இப்போது சிலர் கண்ணில் பட்டவரையெல்லாம் வெட்டுகிறார்கள். உடையாராகவும் பரியாரியாராகவும் (நாட்டு வைத்தியர்) நடிப்பவர்கள் 'இதுக்கா வந்தோம்?' என்று விலகுகிறார்கள். சண்டையை நிறுத்தினால் மற்றப் பாதிப் பேர் போய்விடுவார்கள். வழி சொல்லுங்கள். (மாங்குளத்திலிருந்து ஒரு வாசகர்)

பதில்: தம்பி, சண்டையை நிறுத்த வேண்டாம். பண்டாரவன்னியனைக் கதையாக வைத்துவிட்டு வாளைத் தொடாதே என்றால் யார் வருவார்கள்? உங்கள் சர்வரில் பிழை வேறிடத்தில். அங்கே சாவுக்கு விலை இல்லை. வெட்டுப்பட்டவர் அடுத்த நொடியே கட்டிலடியில் எழும்புகிறார், ஓடிப்போய்ச் சாமானைப் பொறுக்குகிறார், வெட்டியவரைத் தேடிப் போகிறார். செத்தவரே தன் சாவை மதிக்காத ஊரில் பரியாரியார் காயத்துக்கு மருந்து கட்டுவதை எவர் நம்புவார்?

ஆகவே முதலில் தோல்வியையும் சாவையும் பிரித்துவையுங்கள். உயிரைக் காட்டும் இதயங்கள் முடிந்தால் பாத்திரம் விழுந்தது, அவ்வளவுதான். சாவு என்பது அந்தப் பாத்திரத்துக்கு உரியவர் சம்மதித்தால் மட்டும். ஜிடிஏ என்ற வீடியோ கேமின் ரோல்பிளே சர்வர்களில் இந்த இரண்டையும் கனகாலமாகவே தனித்தனியாகத்தான் வைத்திருக்கிறார்கள். விழுந்தவர் அந்தச் சண்டையை மறந்துவிட வேண்டும், உடனே அதே இடத்துக்குத் திரும்பக்கூடாது என்ற விதியும் அங்கே உண்டு. அதை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள்.

மைன்கிராஃப்டில் இதைச் செய்வது சுலபம். ஸ்போன்பொயின்ட் கமாண்டால் எல்லோரும் மீண்டும் எழும்பும் இடத்தைப் பரியாரியார் வீட்டுக்கு மாற்றுங்கள். கட்டிலில் படுத்தால் அந்த இடம் மாறிவிடும், எனவே கட்டிலுக்குத் தடை போடுங்கள். இனி விழுந்தவர் எல்லோரும் பரியாரியாரின் திண்ணையில்தான் கண் விழிப்பார்கள். வேலையில்லாமல் இருந்த பாத்திரத்துக்குக் கைநிறைய வேலை. விழுந்தாலும் சாமான் கையிலேயே இருக்கச் செய்யும் கீப் இன்வென்டரியையும் போட்டுவிடுங்கள். போடாவிட்டால் சாமான் முழுக்க நிலத்தில் விழுந்து ஐந்து நிமிடத்தில் மறைந்துவிடும், அந்தக் கோபம்தான் பழிவாங்கலாக வளர்கிறது. வென்றவருக்குத் தோற்றவர் ஒரு பொருளைத் தன் கையாலேயே கொடுக்கட்டும். எந்தப் பொருள் என்பதை வென்றவர் சொல்லலாம். எங்கே காயம், எத்தனை நாள் நொண்டுவது என்பதைத் தோற்றவர் சொல்லட்டும்.

தோற்பது கேவலம் என்று நினைப்பவர்களுக்குக் காத்தவராயன் கூத்தை ஞாபகப்படுத்துங்கள். விடிய விடிய இருக்கும் சனம் கழுவேறும் கட்டத்துக்காகத்தானே காத்திருக்கிறது.

அடுத்தது, வெற்றியை முடிவு செய்வது யார்? சாட்டில் எழுதிச் சண்டை பிடிப்பவர்கள் 'உன் வாளை விலத்தி உன் கையை வெட்டிவிட்டேன்' என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். இதற்குப் பவர்கேமிங் என்று பெயர். எழுத்தில் முயற்சியை மட்டும் சொல்லலாம்: 'கையைக் குறிவைத்து வீசுகிறேன்.' பட்டதா இல்லையா என்பதை எதிராளியோ பகடையோ சொல்ல வேண்டும். இரண்டு பேரும் முன்கூட்டியே சம்மதித்தால் எழுத்துச் சண்டை, இல்லையென்றால் விளையாட்டின் வாள்தான் முடிவு. எழுத்து முறையையே எல்லோருக்கும் கட்டாயமாக்கச் சொல்லி நடிப்புக்காரர் கேட்பார்கள். நான் அதற்கு உடன்படமாட்டேன். ஒவ்வொரு சண்டைக்கும் அட்மின் உட்கார்ந்து வழக்குத் தீர்க்க வேண்டி வரும்.

ஆனால் வாள் முடிவு செய்வதென்றால் வாள்கள் சமமாக இருக்க வேண்டும். மைன்கிராஃப்டின் ஜாவா பதிப்பில் இரும்பு வாளின் அடி 6, மிக வலிய நெதரைட் வாளுக்கு 8. முழு இரும்புக் கவசத்துக்கு 15 புள்ளி, வைரத்துக்கு 20. அதன்மேல் மந்திரமும் ஏறினால் கையில் இரும்போடு நிற்கும் கமக்காரனுக்கு வாய்ப்பே இல்லை. 1803இல் வன்னிக் காட்டுக்குள் வைரக் கவசம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் அவர்களிடமும் பதில் இருக்காது. இரும்புக்கு மேல் எதுவும் வேண்டாம்.

காரணம் இல்லாமல் வெட்டுவதை ஆர்டிஎம் என்பார்கள். அதைப் பிடிக்க ஒரு கேள்வி போதும்: 'உன் பாத்திரம் ஏன் அவரை வெட்டியது?' கள்ளன் என்றால் பறிக்கலாம், ஆனால் முதலில் மறித்துக் கேட்க வேண்டும், மற்றவர் பதில் எழுத நேரம் விட வேண்டும். நடிப்புக்காரர்களுக்கும் இதில் கடமை உண்டு. மூன்று வில் நெஞ்சுக்கு நேரே நிற்கும்போது துள்ளித் துள்ளிப் படைத்தலைவனைத் திட்டுவது நடிப்பே இல்லை. பாத்திரத்துக்கு உயிர்ப்பயம் இருக்க வேண்டும். திட்டிவிட்டு 'நான் ஆர்பிக்கு (ரோல்பிளேக்கு) மட்டும்தான் வந்தேன்' என்று ஒளிபவரைத்தான் நான் முதலில் எச்சரிப்பேன்.

இந்தச் சிக்கல் புதிதல்ல. 1997இல் வந்த அல்டிமா ஒன்லைன் என்ற இணைய விளையாட்டில் ஊருக்கு வெளியே கால் வைத்த புதியவர்களைக் கொலைகாரர்கள் வரிசையில் நின்று வெட்டினார்கள். 2000இல் உலகத்தையே இரண்டாகப் பிரித்து, சண்டை விரும்புகிறவர்களை ஒரு பக்கம் விட்டார்கள். அமைதி வந்தது, ஆனால் பழைய திகில் போய்விட்டது என்று பலர் குறைப்பட்டார்கள். ஈவ் ஒன்லைன் என்ற விண்வெளி விளையாட்டு வேறு வழியில் போனது. பாதுகாப்பான பகுதியிலும் அங்கே ஒருவரைச் சுடலாம். காவற்படை வந்து சுட்டவரின் கப்பலை அழிக்கும். சுடுவதைத் தடுக்கவில்லை, விலை வைத்தார்கள். சின்னச் சர்வருக்கு இந்த இரண்டாவது வழிதான் பொருந்தும். உங்களிடம் இருக்கும் கொஞ்சப் பேரை இரண்டாகப் பிரித்தால் இரண்டு பக்கமும் வெறிச்சோடிவிடும்.

சரி, சண்டைக்குக் காரணம் எங்கிருந்து வரும்? இதற்கு வன்னியைவிட நல்ல களம் கிடைக்காது. தண்ணீரிலிருந்து தொடங்குங்கள். ஒரு குளம் கட்டி, துருசை (தண்ணீர் திறக்கும் மதகை) திறக்க ஒரே ஒரு நெம்புகோல் வையுங்கள். காலபோகத்துக்கு மழை இருக்கிறது. சிறுபோகத்துக்குக் குளத்தில் உள்ளதுதான் தண்ணீர், எத்தனை ஏக்கர் விதைப்பது என்று ஊர் கூடித் தீர்மானிக்க வேண்டும். கட்டுக்குக் கிட்ட இருப்பவருக்கும் வாய்க்காலின் கடைசியில் இருப்பவருக்கும் பேச்சு முற்றுவது அங்கேதான். இரவில் துருசைத் திறந்தவர் யார் என்ற ஒரு கேள்வியில் உங்கள் சர்வர் ஒரு கிழமைக்கு ஓடும். தண்ணீர்ப் பங்கைப் பார்க்கும் விதானையாக யாரைப் போடுவது என்பதே ஒரு அரசியல்.

மேலே போனால் திறை. போர்த்துக்கேயருக்கும் ஒல்லாந்தருக்கும் வன்னிச் சிற்றரசுகளான வன்னிமைகள் யானைகளைத் திறையாகக் கொடுத்தன. மைன்கிராஃப்டில் யானை இல்லை, குதிரையை வைத்துச் சமாளியுங்கள். பனங்காமம், முள்ளியவளை, கரிக்கட்டுமூலை என்று பற்றுகளைப் பிரித்து, ஒவ்வொன்றும் தவணைக்குள் திறை கட்ட வேண்டும் என்று போட்டால், யாருடைய காட்டில் யார் குதிரை பிடித்தார் என்று தானாகவே பிரச்சினை கிளம்பும்.

பெரிய போரை அபூர்வமாக வையுங்கள். பண்டாரவன்னியன் முல்லைத்தீவுக் கோட்டையைப் பிடித்தது 1803 ஓகஸ்ட் 25. கற்சிலைமடுவில் ஆங்கிலேயப் படையின் தளபதி வொன் ட்றிபேர்க்கிடம் தோற்றது ஒக்டோபர் 31. இரண்டு மோதலுக்கும் நடுவே இரண்டு மாதத்துக்கு மேல். அந்த இடைவெளியில் ஒற்றர், நெல், மருந்து, ஓலை, துரோகம் என்று நடிப்புக்காரருக்கு வேண்டியது எல்லாம் கிடக்கிறது. போர் என்றால் திகதியையும் நேரத்தையும் முன்கூட்டியே அறிவியுங்கள், விரும்பாதவர் அன்று களத்துக்கு வராமல் இருக்கலாம்.

ஒற்றன் பாத்திரம் வைத்தால் தலைக்கு மேலே தெரியும் பெயரை டீம் கமாண்டால் மறைக்க மறக்காதீர்கள். ஒரே படையில் இருப்பவர்கள் தவறுதலாக வெட்டிக்கொள்வதையும் அதே கமாண்டில் நிறுத்தலாம். விழுந்தவர் டிஸ்கோர்ட் குரல் அரட்டையில் 'அவன் கட்டுக்குப் பின்னால நிக்கிறான்' என்று கூட்டாளிக்குச் சொல்வது மெட்டாகேமிங், அதாவது பாத்திரத்துக்குத் தெரியாததை வெளியிலிருந்து அறிந்து பயன்படுத்துவது. போர் நேரத்தில் இரு படைக்கும் தனித்தனிக் குரல் அறை, விழுந்தவருக்கு மூன்றாவது அறை.

சண்டை நடுவில் ஒருவர் காணாமற்போனால் உடனே தண்டிக்க வேண்டாம். எங்கள் பக்கத்தில் கரண்ட் போவதும் டேட்டா விழுவதும் சாதாரணம். பத்து நிமிடத்துக்குள் திரும்பி அதே இடத்தில் நின்றால் குற்றமில்லை. தோற்கும் நேரம் பார்த்து ஒவ்வொரு முறையும் கரண்ட் போகிறவருக்கு மட்டும் தோல்வி என்று எழுதுங்கள்.

இன்னொன்று. யாராவது கதையை எங்கள் காலத்து யுத்தத்துக்கு மாற்றக் கேட்டால் மறுத்துவிடுங்கள். விளையாடுகிற பிள்ளைகளில் யாருடைய வீட்டில் யார் இல்லை என்பது உங்களுக்குத் தெரியாது. கடத்தல், சித்திரவதை போன்ற காட்சிகள் 1803 கதையில் வந்தாலும், இரண்டு பேரும் முன்பே சம்மதித்திருக்க வேண்டும், யார் 'போதும்' என்றாலும் அங்கேயே நிற்க வேண்டும்.

இப்போது கண்டபடி வெட்டிக்கொண்டிருப்பவர்களை விரட்ட வேண்டாம். புதிய விதிகளைச் சொன்ன பிறகு அவர்களையே துருசுக் காவலுக்குப் போடுங்கள், சம்பளம் நெல்லாக. அப்புறமும் ஒருவர் காரணமில்லாமல் வெட்டினால் சர்வரை விட்டு எடுங்கள். அந்த முடிவை அன்றைய சண்டையில் எந்தப் பக்கமும் நிற்காத அட்மின் எடுக்கட்டும்.