மணல் மேடிட்ட வயலுக்கு நிவாரணம் உண்டா?

கேள்வி: பிச்சாட்டூர் அணையைத் திறந்துவிட்டதில் ஆரணியாறு கரை உடைந்து, எங்கள் நெல் வயலில் மணல் மேடிட்டுவிட்டது. அமெரிக்காவில் உள்ள என் தங்கை மகன், அங்கே மணலை அள்ளுவதற்கே அரசு பணம் தருகிறது என்கிறான். உண்மையா? நமக்கு அப்படி ஏதேனும் உண்டா?
– ஊத்துக்கோட்டை வாசகர்

பதில்: உண்மைதான். 1978-ஆம் ஆண்டின் வேளாண் கடன் சட்டத்தின்கீழ் அங்கே அவசரகால நிலப் பாதுகாப்புத் திட்டம் ஒன்று நடைமுறையில் இருக்கிறது. பயிருக்கு இழப்பீடு தருவது அதன் வேலையன்று. வெள்ளமோ சூறாவளியோ கெடுத்த நிலத்தில் குப்பைகூளங்களை அகற்றவும், மேடுபள்ளத்தைச் சமன் செய்யவும், அறுந்த வேலியை மீண்டும் கட்டவும் ஆகும் செலவில் 75 சதவீதம் வரை அரசு ஏற்கிறது. வசதி குறைந்த விவசாயிகளுக்கும் புதிதாக விவசாயத்தில் இறங்கியவர்களுக்கும் அது 90 சதவீதம் வரை செல்லும். அந்தந்த கவுன்டியின் (நம் மாவட்டம் போன்ற பகுதி) விவசாயிகளே தேர்ந்தெடுக்கும் குழு விண்ணப்பங்களைப் பரிசீலிக்கிறது. ஆனால் நாடாளுமன்றம் தனியே நிதி ஒதுக்கும்வரை காத்திருக்க நேர்வதுண்டு என்பதைத் தங்கள் மருமகன் சொல்லியிருக்க மாட்டார்.

நம் நாட்டிலும் இதற்கு வழி இருக்கிறது. பயிர்ச்சேத நிவாரணத்துக்கு மனு கொடுப்பவர்களில் பலர் இதைக் கேட்பதே இல்லை. மாநிலப் பேரிடர் நிவாரண நிதியின் 2022–26 காலத்துக்கான விதிமுறைப்படி, மூன்று அங்குலத்துக்கு மேல் மணலோ வண்டலோ படிந்த நிலத்தைச் சீராக்க, சிறு, குறு விவசாயிகளுக்கு எக்டேருக்கு 18,000 ரூபாய் தரலாம். வேறு அரசுத் திட்டத்தில் இதே வேலைக்கு உதவி பெற்றிருக்கக் கூடாது. ஆகவே, மணலை அள்ளுவதற்கு முன்பே நான்கைந்து இடங்களில் மண்வெட்டியால் பழைய மண் தெரியும்வரை வெட்டி, குழிக்குள் அளவுகோலை நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டு, சிட்டா, அடங்கல் நகல்களுடன் கிராம நிர்வாக அலுவலரிடம் எழுத்துமூலம் மனு கொடுங்கள். ஒப்புகை வாங்காமல் திரும்பாதீர்கள்.

தொகை போதுமா என்றால், போதாது. ஒரு ஏக்கரில் மூன்று அங்குல மணல் என்பது 10,890 கன அடி, அதாவது ஏறக்குறைய 109 யூனிட். ஏக்கருக்குக் கிடைக்கும் சுமார் 7,300 ரூபாயை வகுத்தால் யூனிட்டுக்கு 67 ரூபாய்கூடத் தேறாது; டீசலுக்கே அது காணுமா? அங்கே ஆகும் செலவில் பங்கு, இங்கே ஆழம் மூன்று அங்குலமானாலும் மூன்று அடியானாலும் ஒரே தொகை. மாற்ற வேண்டியது இதைத்தான்.

கேள்வி: அந்த மணலை விற்றுச் செலவை ஈடுகட்டலாமா?
– பள்ளிப்பட்டு வாசகர்

பதில்: பட்டா நிலமேயானாலும் மணல் சிறு கனிமம். கனிமவளத் துறையின் அனுமதி இல்லாமல் ஒரு டிராக்டர் வெளியே சென்றாலும் வண்டி பறிமுதலாகலாம். முதலில் அனுமதிக்கு விண்ணப்பியுங்கள்.