டிடிஆர்5 புதியதுதான், உங்கள் மதர்போட்டில் ஏறுமா?

கேள்வி: என் மகள் அறிவியல் நகரிலுள்ள பொறியியல் பீடத்தில் முதலாம் வருடம் படிக்கிறாள். அவளுக்கு வீட்டிலேயே ஒரு டெஸ்க்டொப் பூட்டித் தருவதாகத் தங்கையின் மகன் சொல்கிறான். ரைசன் 5 5600ஜி புறோசசரும் பி550 மதர்போட்டும் வாங்கியாயிற்று. கிளிநொச்சியில் ஒரு கடையில் 16 ஜி.பி. டிடிஆர்5 றாம் ஒன்றைக் காட்டி, “இதுதான் புதியது, வேகமும் கூட” என்கிறார்கள். மருமகனோ டிடிஆர்4 போதும் என்கிறான். யார் சொல்வதைக் கேட்பது?
– புதுக்குடியிருப்பு வாசகர்

பதில்: மருமகன் சொல்வதைக் கேளுங்கள் ஐயா. டிடிஆர்4, டிடிஆர்5 என்பவை றாமின், அதாவது கணினியின் தற்காலிக நினைவகத்தின், அடுத்தடுத்த தலைமுறைகள். டிடிஆர்4 போதும் என்பதல்ல விடயம், உங்கள் மதர்போட்டில் (இனிச் சுருக்கமாகப் ‘போட்’) அதைத் தவிர வேறெதுவும் ஏறாது. ரைசனைச் செய்யும் ஏ.எம்.டி. நிறுவனத்தின் ஏ.எம்.4 வகை போட்கள் டிடிஆர்4 மட்டுமே ஏற்பவை, பி550 அந்த வகை. 2022 இல் வந்த ஏ.எம்.5 டிடிஆர்5 மட்டுமே ஏற்கும். இன்டெல்லின் 12, 13, 14ஆம் தலைமுறைகளில்தான் குழப்பம். அந்தப் புறோசசர்கள் இரண்டோடும் ஓடும், எது என்பதை நீங்கள் வாங்கும் போட் தீர்மானிக்கும். போட்டின் பெட்டியில் அது எழுதியிருக்கும், வாசித்துவிட்டுக் காசை எடுங்கள்.

கடைக்காரரை முழுதாகக் குறை சொல்லவும் முடியாது. இரண்டு றாமும் ஒரே நீளம், இரண்டுக்கும் 288 பின்கள். அடிவிளிம்பில் தங்கநிறப் பற்களுக்கு நடுவே ஒரு சிறிய வெட்டு இருக்கிறது பாருங்கள், அது மட்டும் இரண்டிலும் சற்று விலகி நிற்கும். போட்டிலுள்ள மேடு அந்த வெட்டுக்குள் விழுந்தால் றாம் இறங்கி, ஓரப் பூட்டு ‘டக்’ என்று விழும். விழவில்லையென்றால் பலத்தைக் காட்ட வேண்டாம். அழுத்தி ஏற்றப் பார்த்துப் போட்டை உடைத்துக்கொண்டவர்கள் உண்டு.

அடுத்தது எண்ணிக்கை. 16 ஜி.பி. ஒன்றை வாங்காமல் 8 ஜி.பி. இரண்டு கொண்ட சோடியாக வாங்குங்கள். இரண்டு போட்டால் புறோசசருக்கும் றாமுக்கும் இடையே இரண்டு பாதைகள் திறக்கின்றன. உங்கள் விடயத்தில் இது ஆடம்பரமல்ல. 5600ஜி தனி கிராபிக்ஸ் காட் இல்லாமலே படம் காட்டுவது, அதற்கென்று வேறு நினைவகம் கிடையாது, எல்லாவற்றுக்கும் றாமைத்தான் நாடும். ஒற்றை றாமோடு விட்டால் முப்பரிமாண வரைபடத்தைத் திருப்பிப் பார்க்கும்போது மகளுக்கு எரிச்சல் வரும். போட்டில் றாம் பூட்ட நாலு துளைகள் இருந்தால் புறோசசர் பக்கமிருந்து இரண்டாவதிலும் நாலாவதிலும் போடச் சொல்லுங்கள். பக்கத்துப் பக்கத்தில் போட்டுவிட்டு “சோடிதானே போட்டேன்” என்பவர்கள் நிறையப் பேர்.

போட்டில் இரண்டே துளைகள் என்றால் கொஞ்சம் யோசிக்க வேண்டும். இன்று இரண்டு எட்டைப் போட்டால், நாளை 32 வேண்டுமென்றபோது இரண்டையும் கழற்றி விற்கத்தான் வேண்டும். கை இடம்கொடுத்தால் இப்போதே இரண்டு 16 போடுங்கள். இல்லாவிட்டால் 16 மொத்தத்தோடு முதல் இரண்டு வருடங்களைத் தாராளமாக ஓட்டலாம். 8 ஜி.பி. மொத்தமென்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். விண்டோஸ் 11 குறைந்தது 4 ஜி.பி. கேட்கிறது என்பது உண்மைதான். அந்த அளவில் அது எழும்பி நிற்கும், நடக்காது.

வேகம் 3200 போதும், 5600ஜி அதிகாரபூர்வமாக ஏற்பதும் அதுதான். பெட்டியில் சி.எல். என்றொரு எண் இருக்கும். அதை 2000 ஆல் பெருக்கி வேகத்தால் வகுத்தால், கேட்ட தரவு வரத் தொடங்க எத்தனை நானோசெக்கன் என்று தெரியும். 3200 வேகத்தில் சி.எல். 16 என்றால் 10, சி.எல். 22 என்றால் 13.75. விலை வித்தியாசம் சிறிதென்றால் 16 ஐ எடுங்கள், பெரிதென்றால் விடுங்கள். கணக்கைப் போட்டுப் பார்த்தால் 6000 வேக டிடிஆர்5 சி.எல். 30 க்கும் அதே 10 தான் வரும். தரவை அள்ளிக் கொடுக்கும் அளவில் டிடிஆர்5 முந்தும், அதை மறுக்கவில்லை. உங்கள் போட்டுக்கு அதனால் ஆகப்போவது ஒன்றுமில்லை.

கேள்வி: 3200 என்று விற்ற றாமை வாங்கிப் பூட்டினேன். சி.பி.யு.-இசட் மென்பொருளில் 1600 என்று காட்டுகிறது. பாதியை ஏமாற்றிவிட்டார்களா?
– மாங்குளம் வாசகர்

பதில்: இல்லை. டிடிஆர் றாம் ஒரு துடிப்பில் இரண்டு தடவை தரவு அனுப்பும், 1600 இன் இருமடங்கே 3200. 1066 அல்லது 1333 காட்டினால்தான் பயோஸை, அதாவது கணினி எழும்பும்போது திறக்கக்கூடிய போட்டின் அமைப்புப் பக்கத்தை, திறக்க வேண்டும். அங்கே எக்ஸ்.எம்.பி. என்றோ, ஏ.எம்.டி.யின் டிடிஆர்5 போட்களில் எக்ஸ்போ என்றோ இருப்பதை இயக்குங்கள், றாமை அதன் பெட்டியில் எழுதிய வேகத்தில் ஓட வைப்பது அதுதான். வேகத்துக்குக் காசு கொடுத்துவிட்டு இதைத் தொடாமலே வருடக்கணக்காக வைத்திருப்பவர்களை நினைத்தால் வயிறு எரிகிறது.

கேள்வி: றாம் விலை இப்படி ஏறியிருக்கிறதே, பாவித்ததை வாங்கலாமா?
– நெடுங்கேணி வாசகி

பதில்: வாங்கலாம். உலகின் நினைவகச் சில்லுகளில் பெரும்பகுதியைச் செய்வது சாம்சுங், எஸ்.கே. ஹைனிக்ஸ், மைக்ரோன் என்ற மூன்று நிறுவனங்கள். செயற்கை நுண்ணறிவுத் தரவு நிலையங்கள் அள்ளிக்கொண்டு போனதால் 2025 இன் கடைசியில் விலை மளமளவென்று ஏறியது. மைக்ரோன், தன் குருஷியல் சில்லறை வியாபாரத்தையே கைவிடுவதாக அந்த டிசம்பரில் அறிவித்தது.

றாமில் சுழல்வதோ தேய்வதோ எதுவும் இல்லை, அதனால் பாவித்த ஹார்ட் டிஸ்க்கைப் போல அஞ்ச வேண்டாம். ஆனால் விற்பவரின் கணினியில் பூட்டி, றாமில் பிழை தேடும் மெம்டெஸ்ட்86 சோதனையை ஒரு முழுச் சுற்று ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். ஒரேயொரு பிழை வந்தாலும் வேண்டாம், “ஒன்றுதானே” என்று சமாளிப்பவரிடம் பேரமும் பேச வேண்டாம். பற்களில் அழுக்கிருந்தால் அழிறப்பரால் மெதுவாகத் தேய்த்துத் துடைக்கலாம். எங்கள் பக்கத்துப் புழுதிக்கு அந்த வைத்தியம் அடிக்கடி தேவைப்படும்.

கேள்வி: கொழும்பிலிருந்து கூரியரில் எடுத்த றாம் வேலை செய்யவில்லை. கடைக்காரர் என் போட்டில்தான் பிழை என்கிறார்.
– வவுனியா வாசகர்

பதில்: டிடிஆர்5 என்றால் முதலில் ஒரு விடயம்: முதன்முறை இயக்கும்போது போட் றாமோடு பழகச் சில நிமிடங்கள் எடுக்கும். திரை கறுப்பாகவே இருக்கும், பதறி நிறுத்தாதீர்கள். அதுவல்ல என்றால், இன்னொருவரின் கணினியில் அதே றாமைப் பூட்டிப் பாருங்கள், உங்கள் போட்டில் வேறு றாமைப் பூட்டிப் பாருங்கள். இரண்டையும் காணொளியாக எடுத்து அனுப்பினால் வாய்த்தர்க்கம் பாதி குறையும்.

அப்போதும் மறுத்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு எழுத்தில் முறையிடுங்கள், அழைப்பு இலக்கம் 1977. 2003 ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி, வாங்கி மூன்று மாதத்துக்குள் முறைப்பாடு போய்ச் சேர வேண்டும். பற்றுச்சீட்டு கேட்டால் தர வேண்டியது வியாபாரியின் கடமை. அதில் றாமின் தொடர் இலக்கமும் வரண்டிக் காலமும் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். றாமின் மேல் ஒட்டியிருக்கும் ஸ்ரிக்கரை மட்டும் உரித்துவிடாதீர்கள், வரண்டி அதில்தான் தொங்குகிறது.