டொனாலால குழந்தையோட குடியிருக்கலாமா? மூணு வருஷம் இருந்தவ சொல்றேன்

"மெக்சிகோ குவாதலஹாரால வேலை கிடைச்சிருக்கு, டொனாலால வாடகை கம்மியாம், பானை செய்றவங்க ஏரியாவாம், கைக்குழந்தையோட போகலாமா"ன்னு கேட்டிருக்கீங்க. கீழ ஒருத்தர் "அங்க வெறும் தூசி, சத்தம், பேசாம சபோபான்ல ஒரு கோத்தோ பாத்து போயிடுங்க"ன்னு பதில் போட்டிருக்கார். சபோபான் குவாதலஹாராவ ஒட்டின ஊர், கோத்தோன்னா கேட்டும் வாட்ச்மேனும் இருக்குற காலனி, ஐடில வர்ற நம்மாளுங்க நிறைய பேர் அங்கதான் இருக்காங்க, தப்பே இல்ல. ஆனா டொனாலா தெருவுல ஒரு நாள் கூட இருந்து பாக்காம எழுதினா எனக்கு மனசு ஆறல.

தூசி உண்டுங்க. வீட்டுக்கு வீடு பட்டறை, களிமண்ணு, ஊதுகண்ணாடி, காகிதக்கூழ் பொம்மைன்னு. சூளை பத்த வைக்கிற அன்னிக்கு துணி காயப்போட முடியாது. ஜூலை 25 சந்தியாகோ திருவிழாக்கு முகமூடி போட்டுட்டு தஸ்தோவானேஸ் ஆடுவாங்க, வேட்டுச் சத்தத்துல என் பொண்ணு முதல் வருஷம் அழுதா, அடுத்த வருஷம் அவளே வாசலுக்கு இழுத்துட்டு போனா.

குழந்தைன்னு சொன்னதால இத கண்டிப்பா சொல்லணும். போன புதுசுல சந்தைல நல்லா பளபளன்னு ஒரு மண்சட்டி வாங்கினேன். எங்க பாட்டி மண்சட்டிலதான் புளிக்குழம்பு வைப்பாங்க, அந்த நெனப்பு, புளியும் அங்க எல்லா கடையிலயும் கிடைக்குது. குழம்பு கொதிச்சிட்டிருக்கு, பக்கத்து வீட்டம்மா, நாலு தலைமுறையா பானை செய்ற குடும்பம், வாசல்ல நின்னு பேசிட்டிருந்தவங்க அடுப்ப பாத்துட்டு நேரா உள்ள வந்து அணைச்சிட்டாங்க. "வெசினா, நோ! ப்ளோமோ, ப்ளோமோ!"ன்னு சட்டியையும் பொண்ணையும் மாத்தி மாத்தி காட்றாங்க. (வெசினான்னா பக்கத்து வீட்டுக்காரி, அப்படித்தான் ஒருத்தர ஒருத்தர் கூப்பிடுவாங்க.) எனக்கு சரியான கோவம், என் அடுப்ப நீங்க யாரு அணைக்கன்னு. போன்ல தேடினா ப்ளோமோன்னா காரீயம். நம்ம ரசம் வைக்கிற ஈயச்சொம்பு வெள்ளீயம், அது வேற.

விறகுச் சூளை சூட்டுலயே உருகி கண்ணாடி மாதிரி படியும்னு க்ரேத்தான்னு காரீய மெருகு பூசுற வழக்கம் அங்க ரொம்ப காலமா இருக்கு. புளி, தக்காளி, எலுமிச்சை பட்டா காரீயம் சாப்பாட்டுல இறங்கிடும், சின்ன குழந்தைங்க மூளை வளர்ச்சியையே கெடுக்கும். பொண்ணுக்கு ரத்தம் டெஸ்ட் எடுத்தோம், ரிசல்ட் வர்ற வரைக்கும் நாங்க ரெண்டு பேரும் தூங்கல, கடவுள் புண்ணியத்துல ஒண்ணும் இல்ல. தான் விக்கிற பொருள பத்தி தானே வந்து அப்படி சொல்ல எத்தன பேருக்கு மனசு வரும்?

உடனே "மெக்சிகோ பானை எல்லாம் விஷமா"ன்னு கமெண்ட்ல ஆரம்பிக்காதீங்க, நான் அப்படி சொல்லல. காரீயம் இல்லாம மெருகு போடுறவங்களும் இருக்காங்க, "சின் ப்ளோமோ"ன்னு கேட்டு வாங்கணும். டொனாலாக்கு பேர் வாங்கிக் குடுத்த ப்ருன்யீதோங்கிற மண்பாண்டத்துல அந்த மெருகே கிடையாது, கல்லால தேச்சு தேச்சே பளபளப்பு கொண்டு வருவாங்க. அந்த குடத்து தண்ணில புதுமழை வாசம் வரும். 17ஆம் நூற்றாண்டுல அத கப்பல்ல ஸ்பெயினுக்கு அனுப்பி, அங்க பெரிய வீட்டு பொம்பளைங்க தண்ணிய குடிச்சிட்டு மண்ணையும் கடிச்சு தின்னாங்களாம், நம்மூர் மசக்கை மாதிரியே. வெலாஸ்கெஸ் 1656ல வரைஞ்ச அரண்மனை ஓவியத்துல இளவரசிக்கு நீட்டுற சின்ன சிவப்பு குவளை கூட டொனாலா பக்கத்துலேந்து போனதுன்னு ஆராய்ச்சி பண்றவங்க சொல்றாங்க. அந்த பக்கத்து வீட்டம்மா குடுத்த குடம் இப்பவும் எங்க வீட்ல இருக்கு.

எனக்கு அங்க வயித்தெரிச்சல்னா அது வீட்டு ஏஜென்ட் மேலதான். அதே ஊர்ல சொந்த வீடு உள்ள ஒருத்தர் ஜாமீன் கையெழுத்து போடணும்பாங்க, நேத்து வந்த நமக்கு யாரு போடுவா? அதுக்கு பதிலா கூடுதலா ரெண்டு மாச டெபாசிட் வாங்கினார், காலி பண்ணும்போது "பெயின்ட் செலவு"ன்னு மொத்தத்தையும் அமுக்கிட்டார். சுவத்துல ஒரு கீறல் கிடையாது. எல்லா ரூமையும் போட்டோ எடுத்து வச்சுக்கோங்க, நான் எடுக்கல.

ஆபீஸ் சபோபான் பக்கம்னா பஸ்ல சென்ட்ரல்ங்கிற வெளியூர் பஸ் ஸ்டாண்டுக்கு போய் மெட்ரோ மாதிரி ஓடுற மூணாம் லைன் பிடிங்க, 2020ல வந்தது, என் வீட்டுக்காரர் அதுலதான் போவார். கார் வச்சிருந்தா புதன், சனி ராத்திரியே தள்ளி எங்கயாவது விட்டுடுங்க, வியாழனும் ஞாயிறும் சந்தை, விடியறதுக்குள்ள வாசல மறிச்சு கம்பி நட்டுடுவாங்க.