படிக்க முடியாத எழுத்து

அன்புள்ள ஐயா,

ஈரானின் நவீன ஓவியம் பற்றிய உங்கள் பதிவைப் படித்துவிட்டு ஹுசைன் ஜெண்டெரூதியின் படங்களைத் தேடிப் பார்த்தேன். மனதில் ஒட்டவில்லை. பழைய எழுத்துக்கலையை எடுத்து ஐரோப்பியப் பாணியில் ஊதிப் பெரிதாக்கியதுபோல் இருக்கிறது. பாரசீகம் படிக்கத் தெரியாத நான் இதில் எதைப் பார்ப்பது?

எஸ்., திருநெல்வேலி

அன்புள்ள எஸ்.,

பாரசீகம் தெரிந்தவர்களாலும் அவற்றைப் படிக்க முடியாது. நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் அவர் 1962இல் வரைந்த படம் ஒன்று இருக்கிறது. ஆளுயரத்துக்கும் மேலான தாள் முழுக்க எண்ணும் எழுத்தும் எறும்பு மொய்த்ததுபோல் நெருக்கியிருக்கும், ஆனால் ஒரு வாக்கியம்கூடத் தேறாது. தாயத்துத் தகட்டில் கட்டம் போட்டு எழுதியிருப்பதைக் கட்டிக்கொள்கிறவர் என்றைக்காவது படித்துப் பார்க்கிறாரா? எழுதியிருக்கிறது, அது போதும் அவருக்கு. ஜெண்டெரூதி எடுத்துக்கொண்டது அரசவை எழுத்துக்கலையை அல்ல, இந்தத் தாயத்தைத்தான்.

அவரும் சிற்பி பர்வீஸ் தனாவொலியும் டெஹ்ரானுக்குத் தெற்கே ரேய் நகரத்து தர்காவுக்குப் போய், அங்கே விற்ற மலிவான அச்சுப் படங்களை வாங்கி வந்து அதிலிருந்து தொடங்கியவர்கள். 1960களின் தொடக்கத்தில் கரீம் எமாமி என்ற விமர்சகர் இவர்கள் பாணிக்கு 'சக்காகானே' என்று பெயர் வைத்தார். சக்காகானே என்றால் தெருவோரத் தண்ணீர் மாடம். கர்பலாவில் தண்ணீர் மறுக்கப்பட்டுக் கொல்லப்பட்ட, நபிகளின் பேரரான இமாம் ஹுசைனின் நினைவாக வழிப்போக்கர்களுக்கு வைப்பது. குடிக்க ஒரு பித்தளைக் கிண்ணம், மெழுகுவத்தி, உலோகத்தில் வெட்டிய கை, அப்புறம் கம்பி வலையில் நேர்ந்துகொண்டவர்கள் மாட்டிவிட்டுப் போன பூட்டுகளும் துணி முடிச்சுகளும். தனாவொலியின் சிற்பங்களில் கம்பியும் பூட்டும் திரும்பத் திரும்ப வருவது இங்கிருந்துதான்.

ஐரோப்பா இல்லையா என்றால், இருக்கிறது. தனாவொலி மிலானில் இத்தாலியச் சிற்பி மரீனோ மரீனியிடம் படித்தவர். ஊருக்குத் திரும்பியபோது சிற்பத்தில் முன்னோர் என்று சொல்லிக்கொள்ள அவருக்கு அருகில் யாருமில்லை, ஷீரீன் மேல் கொண்ட காதலுக்காக மலையைக் குடைந்த கதைநாயகன் ஃபர்ஹாதையே முன்னோனாக எடுத்துக்கொண்டார். எனக்கு இந்தத் தேர்வு மிகவும் பிடிக்கும். ஐரோப்பாவில் பயின்ற கை, தன் மூதாதையைக் காதல் கதைக்குள் போய்த் தேடியிருக்கிறது. பின்னால் வந்தவர்களில் வெறும் அலங்காரத்தில் நின்றுவிட்டவர்கள் உண்டு, அவர்களைப் பற்றி நீங்கள் சொல்வது சரி.

இன்னொரு தடவை பார்ப்பதாக இருந்தால் தனாவொலியின் 'ஹீச்' சிற்பங்களிலிருந்து தொடங்குங்கள். 1960களின் நடுவிலிருந்து அவர் விடாமல் செய்துவரும் வரிசை அது. ஹீச் என்றால் 'ஒன்றுமில்லை'. மூன்றே எழுத்து. முதல் எழுத்தின் இரண்டு சுழியும் இரண்டு கண்போல இருக்கும், கடைசி எழுத்தின் வால் வளைந்து உடம்பாகிவிடும். ஒன்று நாற்காலியில் உட்கார்ந்திருக்கும், ஒன்று கூண்டுக்குள் இருக்கும். படிக்க வேண்டாம், அந்தக் கண்களை மட்டும் கொஞ்ச நேரம் பாருங்கள்.