மலைச்சாலையில் மருத்துவ உதவியாளர்: வாசகர் கேள்விகள்

நீலகிரியிலிருந்து ஆம்புலன்ஸ் பணி குறித்து வந்த கேள்விகளுக்கு, அவசர சிகிச்சைத் துறையில் பணியாற்றுவோர் பதில் தருகிறார்கள்.

என் மகள் ப்ளஸ் டூ முடித்திருக்கிறாள். 108 ஆம்புலன்சில் மருத்துவ உதவியாளராக வேண்டும் என்கிறாள். "ஸ்ட்ரெச்சர் தூக்குற வேலைக்கா பொம்பளைப் பிள்ளையை அனுப்பப் போற?" என்று உறவினர்கள் கேட்கிறார்கள். என்ன படிக்க வைக்கலாம்?
– வாசகி, கோத்தகிரி

ஸ்ட்ரெச்சர் தூக்கத்தான் வேண்டும். தூக்குவதற்கு முன்னும் பின்னும் அவர் என்ன செய்கிறார் என்பது உறவினர்கள் கண்ணில் படுவதில்லை. மூச்சுப்பாதையைத் திறந்து வைப்பது, ரத்தப்போக்கை நிறுத்துவது, மயங்கிக் கிடப்பவருக்குச் சர்க்கரை அளவு பார்ப்பது, ஓரமாக நிறுத்திய வண்டிக்குள் பிரசவம் பார்ப்பது என்று எல்லாம் அவர் கையில்தான். போனில் ஆலோசனை சொல்ல 108 மையத்தில் மருத்துவர் இருப்பார். ஆனால் நோயாளியின் உடம்பில் கை வைத்துப் பார்ப்பவர் உங்கள் மகள் ஒருவரே.

தமிழ்நாட்டில் 2008-ல் 108 சேவை தொடங்கியபோது இதற்கென்று தனியாகப் படித்தவர்கள் போதிய அளவில் இல்லை. அதனால் நர்சிங், ஏ.என்.எம். (துணைச் செவிலியர் படிப்பு), டி.எம்.எல்.டி. (ஆய்வகத் தொழில்நுட்பப் பட்டயம்) படித்தவர்களையும், விலங்கியல், தாவரவியல், உயிர்வேதியியல் போன்ற பாடங்களில் பி.எஸ்சி. முடித்தவர்களையும் எடுத்து, சுமார் 50 நாள் பயிற்சி கொடுத்து வண்டியில் ஏற்றும் வழக்கம் வந்தது. இன்றும் அந்த வழி திறந்திருக்கிறது. அப்படி வந்தவர்கள் எத்தனையோ உயிர்களைக் காப்பாற்றியிருக்கிறார்கள், மறுப்பதற்கில்லை. ஆனாலும் 50 நாள் என்பது வேலையைத் தொடங்கப் போதும், முப்பது வருடம் அதிலேயே வளரப் போதாது என்பது எங்கள் உறுதியான எண்ணம்.

உங்கள் மகளுக்கு நாங்கள் சொல்வது பி.எஸ்சி. ஆக்சிடென்ட் அண்ட் எமர்ஜென்சி கேர் டெக்னாலஜி. தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் பட்டப்படிப்பு. மூன்று வருடப் படிப்பு, அதன் பிறகு ஒரு வருடம் இன்டர்ன்ஷிப். ப்ளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல் படித்திருக்க வேண்டும். துணை மருத்துவப் படிப்புகளுக்கான கலந்தாய்வு அறிவிப்பு வரும்போது அந்த ஆண்டின் விளக்கக் குறிப்பேட்டை முழுவதும் படித்துவிட்டு விண்ணப்பியுங்கள்.

இந்தப் படிப்புக்குச் சட்டத்தின் ஆதரவும் உண்டு. 2021-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தேசிய இணை மற்றும் சுகாதாரத் தொழில்வல்லுநர் ஆணையச் சட்டத்தின் அட்டவணையில் எமர்ஜென்சி மெடிக்கல் டெக்னாலஜிஸ்ட் என்ற பெயர் இருக்கிறது. சுகாதாரத் தொழில்வல்லுநர் என்று பதிவு பெறக் குறைந்தது 3,600 மணி நேரப் படிப்பு வேண்டும் என்கிறது அந்தச் சட்டம். 50 நாள் பயிற்சியை ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் என்று வைத்தாலும் 400 மணி நேரம்தான் வரும். நாளைக்குப் பதிவேட்டில் யார் பெயர் ஏறும் என்று யோசித்துப் பாருங்கள்.

சேர்க்கும் முன் கல்லூரியில் சில விஷயங்களைக் கேளுங்கள். இன்டர்ன்ஷிப்பில் ஆம்புலன்சில் எத்தனை ஷிப்ட்? பிரசவ அறையில் இரவுப் பணி உண்டா? மூச்சுக்குழாய் பொருத்தும் பயிற்சி பொம்மை இருக்கிறதா, ஒரு மாணவருக்கு அதில் எத்தனை முறை வாய்ப்பு? பதில் மழுப்பலாக வந்தால் வேறு கல்லூரி பாருங்கள்.

என் தம்பி 108-ல் மருத்துவ உதவியாளர். அவசரப் பிரிவுக்கு நோயாளியைக் கொண்டுபோனால் இவன் சொல்வதை யாரும் காது கொடுத்துக் கேட்பதில்லையாம். "டிரைவரா நீ?" என்று கேட்கிறார்களாம்.
– வாசகர், கூடலூர்

வருத்தம் நியாயமானது. அங்கே இருப்பவர்கள் மாற வேண்டியது நிறைய இருக்கிறது. அதுவரை தம்பியின் கையில் இருக்கும் கருவி, நோயாளியை ஒப்படைக்கும் முறை.

பெரும்பாலும் நடப்பது என்ன? ஸ்ட்ரெச்சரிலிருந்து கட்டிலுக்கு மாற்றிக்கொண்டிருக்கும்போதே "சார், ஆக்சிடென்ட் கேஸ் சார், ஸ்டேபிளா இருக்கார்" என்று சொல்லிவிடுகிறார்கள். நாலு பேர் தூக்கும் நேரத்தில் யார் காதிலும் எதுவும் விழாது. "ஸ்டேபிள்" என்ற சொல்லில் தகவல் ஒன்றுமில்லை.

உயிருக்கு உடனடி ஆபத்து இல்லையென்றால், தூக்குவதற்கு முன் "ஒப்படைக்கிறேன், முப்பது விநாடி" என்று உரக்கச் சொல்லச் சொல்லுங்கள். பிறகு நான்கே விஷயம், இதே வரிசையில்: என்ன நடந்தது, என்ன காயம், அளவீடுகள் என்ன, என்ன செய்தோம். எடுத்துக்காட்டாக:

"42 வயது ஆண். மாலை 5.40-க்கு எஸ்டேட்டில் சில்வர் ஓக் கிளை வெட்டும்போது 15 அடி உயரத்திலிருந்து விழுந்திருக்கிறார். வலது தொடை எலும்பு முறிவு, வயிறு இறுகியிருக்கிறது. முதலில் பார்த்தபோது நாடி 104, இப்போது 124. ரத்த அழுத்தம் 110-லிருந்து 90-க்கு இறங்கியிருக்கிறது. 18 கேஜ் வென்ஃப்ளான் (நரம்பு ஊசிக்குழாய்) ஒன்று போட்டு ரிங்கர் லாக்டேட் டிரிப் ஓடுகிறது, காலுக்கு ஸ்பிளின்ட் கட்டியிருக்கிறோம், ஆக்சிஜன் 10 லிட்டர்."

இதில் முக்கியமானது, முதல் அளவும் இப்போதைய அளவும் சேர்ந்து வருவது. நாடி ஏறி அழுத்தம் இறங்குகிறது என்றால் உள்ளே ரத்தம் போகிறது. வழியில் உடன் இருந்தவர் மட்டுமே தரக்கூடிய தகவல் அது. அதைக் கேட்ட மருத்துவர் நிமிர்ந்து பார்ப்பார். அடுத்த முறை தம்பி வாய் திறக்கும் முன்பே காத்திருப்பார்.

பி.சி.ஆர். படிவத்தை (நோயாளிக்கு என்ன செய்தோம் என்ற பதிவுத் தாள்) அங்கேயே நேரத்துடன் நிரப்பி, பெற்றுக்கொண்டவரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். ஷிப்ட் முடிந்த பிறகு ஞாபகத்திலிருந்து எழுதினால் எண்கள் எல்லாம் அழகாக 120/80 ஆகிவிடும். பின்னால் ஒரு பிரச்சினை வந்தால் அந்தத் தாள் அவரைக் காப்பாற்றாது.

குன்னூரிலிருந்து கோவைக்கு மாமனாரைத் தனியார் ஆம்புலன்சில் கொண்டுபோனோம். மேட்டுப்பாளையம் வருவதற்கு முன்பே ஆக்சிஜன் தீர்ந்துவிட்டது. கிளம்பும்போது "இருக்கு, போதும்" என்றார்கள். நாங்கள் எதைப் பார்த்திருக்க வேண்டும்?
– வாசகி, குன்னூர்

சிலிண்டரின் மீட்டரை. கணக்கு எளிது. ஆம்புலன்சில் சாதாரணமாக இருக்கும் பி டைப் சிலிண்டரின் கொள்ளளவு 10 லிட்டர். மீட்டர் 150 பார் அழுத்தம் காட்டினால் உள்ளே 10 x 150, அதாவது 1,500 லிட்டர் ஆக்சிஜன். நிமிடத்துக்கு 10 லிட்டர் கொடுத்தால், அடியில் 30 அளவை இருப்பாக விட்டு, 1,200 லிட்டர் 120 நிமிடம் வரும். குன்னூர்–கோவை பயணத்துக்கு இதுவே மயிரிழையில்தான் போதும். பாதி சிலிண்டர், மீட்டர் 75 என்று வையுங்கள். பை வைத்த மாஸ்க்கில் 15 லிட்டர் வேகத்தில் போனால் 50 நிமிடத்தில் முழுவதும் காலி. உங்களுக்கு நடந்தது இதுவாகத்தான் இருக்க வேண்டும்.

மலையில் இன்னொன்றும் உண்டு. மழைக்காலத்தில் பர்லியார் பக்கம் மண் சரிந்தால் கோத்தகிரி வழியாகச் சுற்ற வேண்டும், யானை நின்றால் காத்திருக்க வேண்டும். ஆகவே தேவைப்படும் நேரத்தைப் போல ஒன்றரை மடங்குக்கு ஆக்சிஜன், கூடவே மாற்றுச் சிலிண்டர், அதைத் திறக்கும் சாவி. சாவி இல்லாத மாற்றுச் சிலிண்டர் வெறும் இரும்பு. ரெகுலேட்டர் பக்கம் "ஸ்ஸ்" என்று சத்தம் வந்தால் வாஷர் தேய்ந்திருக்கிறது. ஹியூமிடிஃபையர் புட்டியில் பாதிக்கு மேல் தண்ணீர் இருந்தால் கொண்டை ஊசி வளைவுகளில் அலைந்து குழாய்க்குள் ஏறிவிடும்.

இறக்கத்தில் படுக்கையையும் கவனிக்க வேண்டும். ஆம்புலன்சில் நோயாளியின் தலை ஓட்டுநர் பக்கம் இருக்கும். மலை இறங்கும்போது தலை தாழ்ந்து, ஒவ்வொரு பிரேக்குக்கும் உடல் தலைப்பக்கம் வழுக்கும். மூச்சுத் திணறல் உள்ளவருக்கும் தலைக்காயம் பட்டவருக்கும் இது கெடுதல். முதுகுப் பக்கத்தை உயர்த்தி, இடுப்பு, கால் பெல்ட்டோடு தோள் பெல்ட்டும் போட வேண்டும். முதுகுத்தண்டில் அடிபட்டிருந்தால் முதுகை மடக்கக் கூடாது. பலகையோடு தலைப்பக்கம் முழுவதையும் உயர்த்த வேண்டும். தோள் பெல்ட்டைச் சுருட்டி ஸ்ட்ரெச்சருக்கு அடியில் செருகி வைத்திருக்கும் வண்டிகள் உண்டு. எடுத்து மாட்டச் சொல்லுங்கள்.

விரலில் மாட்டும் கருவி ஆக்சிஜன் அளவு 88 என்று காட்டினால் முதலில் விரலைத் தொட்டுப் பாருங்கள். குளிரில் விறைத்த விரலில் அளவு தவறாக வரும், உள்ளங்கையில் வைத்துச் சூடேற்றி மறுபடி பார்க்க வேண்டும். அதற்காக ஆக்சிஜனை நிறுத்தி வைக்கக் கூடாது. ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய முக்கால் பங்குதான், அதனால் மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜனும் குறைவு. சமவெளியில் பயிற்சி முடித்து நேராக இங்கே பணிக்கு வருபவருக்கு இதைத் தனியாகக் கற்றுத்தர வேண்டும்.

எங்கள் லைனில் (எஸ்டேட் தொழிலாளர் குடியிருப்பு வரிசை) ஒருவர் விழுந்தபோது ஆம்புலன்ஸ் வந்தும் பத்து நிமிடம் கிளம்பவில்லை. ஆட்கள் ஆத்திரப்பட்டு வண்டிக் கண்ணாடியைத் தட்டினார்கள். அவர்கள் செய்தது சரியா?
– எஸ்டேட் தொழிலாளி, பந்தலூர்

சரியில்லை. ரத்தம் பீறிடும்போது கட்டுப் போடாமலும், மூச்சுப்பாதை அடைத்திருக்கும்போது உறிஞ்சி எடுக்காமலும் கிளம்பினால் வளைவுகளில் அதைச் செய்யவே முடியாது. ஓடும் வண்டியில் ஊசி குத்துவதும் கடினம். அந்த நிமிடங்கள் சிகிச்சை நேரம். காயத்தில் உள்ளே ரத்தம் போகிறது என்று தெரிந்தால் அவர்களே சீக்கிரம் கிளப்பிவிடுவார்கள். மருத்துவப் பணியாளர்களைத் தாக்கினால் தமிழ்நாட்டின் 2008-ம் ஆண்டுச் சட்டப்படி 3 முதல் 10 ஆண்டு வரை சிறை. வழிவிடாதவர்களுக்கு மோட்டார் வாகனச் சட்டம் 194-இ பிரிவில் 10,000 ரூபாய் அபராதம் உண்டு.

உதவ நினைத்தால் 108-ஐ அழைக்கும்போது எஸ்டேட் பெயரோடு எந்த டிவிஷன், எந்த லைன் என்றும் சொல்லுங்கள். சிக்னல் கிடைக்கும் மேட்டில் ஒருவர் போனோடு நிற்கட்டும், பிரிவுச் சாலையில் ஒருவர் டார்ச்சோடு நிற்கட்டும். வண்டி ஏறாத பாதையென்றால் ஸ்ட்ரெச்சர் பிடிக்க நான்கு பேரும், பாதி வழியில் கை மாற்ற நான்கு பேரும் தயாராக இருங்கள். உதவியாளர் "ஒன்று, இரண்டு, மூன்று" என்று சொல்லும் வரை யாரும் தூக்க வேண்டாம்.