பதில்: பள்ளி வேன் ஓட்டுநர்களுக்குச் சைக்கிள் பயிற்சி

வணக்கம். வேன் ஓட்டுநர்களுக்கு வகுப்பு எடுத்தும் சைக்கிளில் வரும் பிள்ளைகளை உரசுவது போலவே போகிறார்கள் என்று கேட்டிருந்தீர்கள். பேச்சு போதாது, மைதானத்துக்குக் கூட்டிப் போங்கள்.

முதலில் இடப்பக்கத் திருப்பம். உயிர் போகும் ஆபத்து இங்கே உண்டு. தரையில் தண்ணீர் தெளித்து, அதில் டயர்களை நனைத்து, வேனை மெதுவாக இடப்பக்கம் ஒடிக்கச் சொல்லுங்கள். பின்சக்கரத்தின் ஈரத்தடம் முன்சக்கரத் தடத்தைவிட உள்ளே விழும். இறுக்கமான திருப்பத்தில் கிட்டத்தட்ட 1 மீட்டர். அந்த இடைவெளியில்தான் சைக்கிள் நசுங்கும். ஆகவே திருப்பத்துக்குச் சற்று முன் சைக்கிளை முந்தவே கூடாது, அதன் பின்னால் காத்திருந்து திரும்ப வேண்டும்.

அடுத்து, ஓட்டுநரை இருக்கையில் உட்காரவைத்து, இடப்பக்கம் ஒரு சைக்கிளை மெல்ல நகர்த்துங்கள். கண்ணாடியில் மறையும் இடத்தைச் சுண்ணாம்பால் குறியுங்கள். அந்தக் கட்டத்தின் அளவே அவரைத் திகைக்க வைக்கும்.

முந்தும்போது இடைவெளி குறைந்தது 1.5 மீட்டர். இங்கிலாந்தின் சாலை விதிநூல் மணிக்கு 48 கி.மீ. வரையிலான வேகத்துக்குச் சொல்லும் அளவு இது. அதற்கு மேல் இன்னும் கூடுதல். சாலையோர மணலுக்கும் குழிக்கும் ஒதுங்கி சைக்கிள் திடீரென வலப்பக்கம் வரும் என்பதால்தான். இடம் இல்லையா, முந்தாதீர்கள்.

பக்கத்தில் வந்து ஹாரன் அடிப்பது ஆபத்து. பிள்ளை திரும்பிப் பார்க்கும்போது ஹேண்டிலும் வலப்பக்கம் சாயும்.

கதவைத் திறக்க ஓட்டுநர் இடக்கையைப் பயன்படுத்தட்டும். உடல் தானாகத் திரும்பும், பின்னால் வரும் சைக்கிள் கண்ணில் படும்.